கோழியா, தாராவா?

வீட்டு வளவில் நாலு பறவைகள் நின்றால் முட்டைக்குக் கடைக்காரரின் முகம் பார்க்க வேண்டியதில்லை என்னும் எண்ணம் நம்மவரிடையே புதியதன்று. ஆயினும், 2022 ஆம் ஆண்டில் நாடு பொருளாதார நெருக்கடியில் அகப்பட்ட பின்னர் அவ்வெண்ணம் பல இல்லங்களில் மீண்டும் தலையெடுத்தது. தீனியின் விலை ஏறியது. முட்டையின் விலையும் ஏறியது. 2023 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவும் நேர்ந்தது. கோடிப்புறத்தில் வெறுமனே கிடக்கும் நிலத்தைப் பார்த்து, "இதிலே நாமே வளர்த்தால் என்ன?" என்று கேட்கத் தொடங்கிய குடும்பங்கள் பல. அவ்வாறு கேட்போர் முன் அடுத்து வந்து நிற்கும் வினா, கோழியா தாராவா என்பதே. முன்னர் எப்பறவையும் வளர்த்தறியாத குடும்பத்தினர், சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோர், இவ்வினாவுக்கு எவ்வாறு விடை காண்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் இவ்விரு பறவைகளும் எங்கிருந்து நம் வீட்டுக்கு வந்தன என்பதை நோக்குதல் நன்று. நம் நாட்டின் தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூதாதை என மாணவர் சிலர் எண்ணுவதுண்டு. அது வேறோர் இனம். வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழியாகும். தாய்லாந்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புகளை ஆராய்ந்து 2022 ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்ட முடிவொன்று சுவையானது. மேட்டு நிலத்தில் மனிதர் நெல்லும் தினையும் பயிரிடத் தொடங்கியபோது, சிந்திய தானியத்தை நாடிக் காட்டோரத்திலிருந்து இறங்கி வந்த பறவைகளே ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கோழிகள் ஆயின என்பது அவர்தம் கருத்து. தாராவோ நீர்நிலையின் பிள்ளை. பசுந்தலைக் காட்டுத்தாராவிலிருந்து பெரும்பாலான வளர்ப்புத் தாராக்கள் தோன்றின. முகத்தில் சிவந்த தசைமுடிச்சுகளையுடைய மஸ்கோவித் தாரா மட்டும் அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் பிறந்தது. எனவே, ஒன்று உலர்ந்த மண்ணைக் கிளறி உண்ணப் பிறந்தது. மற்றது ஈரச் சேற்றை அலகால் அலசி உண்ணப் பிறந்தது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே ஏனையவை யாவும் கிளைக்கின்றன.

கிணறு சொல்லும் விடை

கோழியொன்று நாளொன்றுக்குக் குடிப்பது கால் லீற்றர் நீர். பங்குனி, சித்திரை வெயிலில் அரை லீற்றர் வரை குடிக்கும். நாலு கோழிகளுக்குச் சிறு சட்டியொன்று போதும். தாராவுக்கு அவ்வாறன்று. நீந்துவதற்குக் குளம் இல்லாமலும் தாரா உயிர்வாழும் என்பது உண்மையே. ஆனால், தலை முழுவதும் அமிழத்தக்க ஆழமுள்ள நீர் அதற்குக் கட்டாயம் வேண்டும். அலகையும் மூக்குத் துளைகளையும் கண்களையும் அது நீரிலேயே கழுவிக்கொள்கிறது. நீரின்றேல் கண்நோயும் மூக்கடைப்பும் தொடரும். தீனியை ஒரு வாய் உண்டதும் நீரை நாடி ஓடும். வாயிலுள்ள தவிட்டை அதிற் கரைக்கும். கால்மணி நேரத்தில் நீர் கூழாகிவிடும். 20 லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றைக் காலையும் மாலையும் மாற்றினால், நாளொன்றுக்கு 40 லீற்றர் ஆகிறது. அவ்வளவையும் இறைப்பவர் யார் என்பது ஒரு கேள்வி. கொட்டிய நீர் எங்கே போகிறது என்பது அதனினும் பெரிய கேள்வி.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்நீரையே. மண்ணின் படை மெல்லியது; பாறையில் வெடிப்புகள் மிகுதி. ஆதலால் மேலே கொட்டுவது விரைவில் கீழே சேரும். தோட்டங்களில் இடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் உப்பு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்துள்ளமை ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது. கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்க வல்லது அவ்வுப்பு. பறவையின் எச்சத்தில் நைதரசன் செறிந்துள்ளது. கோழியின் எச்சம் காய்ந்து கிடக்கும். வாரி எடுத்து எருக்குவியலில் இடலாம். தாராவின் எச்சமோ நீரோடு கலந்து நாள்தோறும் நிலத்துள் இறங்கும். கிணற்றடியில் தாரா வளர்ப்பவர் தம் குடிநீரிலேயே அதைக் கரைப்பவராவார்.

இதனால் குடாநாட்டில் தாராவே கூடாது என்பது கருத்தன்று. குளிக்கும் நீரை வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கிணற்றுக்குத் தொலைவிலே வாழைத் தோட்டமும் அதனருகே தொட்டியும் உடையவர், இரண்டு மூன்று தாராக்களை வளர்த்து, தொட்டி நீரை முறை வைத்து ஒவ்வொரு வாழையடியிலும் ஊற்றிவரின் கெடுதி குறையும், குலையும் தேறும். ஆனால் 2 பரப்பு வளவில் வீடு, கிணறு, மலகூடம், மாமரம் யாவும் நெருங்கி நிற்கும் இல்லத்தார்க்கு அந்த வசதி இல்லை. வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் குளத்தை அடுத்தும் வயலை அடுத்தும் வாழ்வோரின் நிலை வேறு. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் மேய்ந்து தாரா தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும். அங்கே தாரா பாரமன்று, துணை.

முட்டையும் தீனியும்

இனி வருவாயைப் பார்ப்போம். நம் நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு 60 முதல் 80 வரை முட்டையிடும், இடையிடையே அடைகிடக்கும். நாலு பேடுகள் இருந்தால் வாரத்துக்கு ஐந்தாறு முட்டைகள் எனக் கணக்கிடலாம். றோட் ஐலண்ட் றெட் போன்ற சிவப்பினக் கோழி நன்கு பேணப்படின் 200 முட்டைகளைக் கடக்கும். தாராக்களில் காக்கி கம்பெல் என்னும் இனம், இங்கிலாந்தின் குளொஸ்ரர்ஷயரில் வாழ்ந்த அடேல் கம்பெல் என்னும் அம்மையார் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இனங்கலந்து உருவாக்கியது. அது நல்ல பராமரிப்பில் 250 முட்டைகளுக்கு மேலும் தரும். தாராமுட்டை ஏறக்குறைய 70 கிராம் நிறையுடையது, கோழிமுட்டையினும் பெரியது, கருவிற் கொழுப்பு மிகுந்தது, கேக் செய்வோர் அதை விரும்புவர். ஆனால் அதன் மணம் எல்லார்க்கும் பிடிப்பதில்லை. சேற்றிலும் ஈரத்திலும் இடப்படுவதால் அழுக்குப் படிவதும் எளிது. ஆகவே நன்றாக வேகவைத்தே உண்ணல் வேண்டும். வீட்டார் தாராமுட்டை உண்பார்களா என்பதை, தாரா வாங்குமுன் ஐந்தாறு முட்டை வாங்கிச் சமைத்துப் பார்த்து அறிந்துகொள்வது மலிவான சோதனை.

முட்டை மிகுந்தால் தீனியும் மிகும். முட்டையிடும் சிவப்பினக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீனி உண்ணும். ஆண்டுக்கு 40 கிலோகிராம். கட்டிவைத்து வளர்க்கும் தாரா அதனினும் ஒன்றரை மடங்கு உண்ணும். நாட்டுக்கோழி வளவைக் கிளறி, கறையானும் புழுவும் புல்விதையும் தேடித் தின்பதால் அடுப்படியின் மிச்சமும் கைப்பிடி குறுநலும் அதற்குப் பெருந்துணையாகும். குறைந்த முட்டை தரும் கோழி குறைந்த செலவும் வைக்கிறது என்பதை மறத்தலாகாது. முட்டையோடு வலுப்பெறுவதற்காக உடைத்த சிப்பியைத் தனிச் சிரட்டையில் வைக்க வேண்டும். உப்பிட்ட கருவாட்டுத் தலைகளை மிகுதியாகப் போடுதல் தீது. பறவையின் உடல் அவ்வளவு உப்பைத் தாங்காது.

பிண்ணாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. ஆராய்ந்தபோது, தீனியிற் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமொன்றின் நஞ்சே காரணமெனத் தெரிந்தது. அபிளாரொக்சின் என அந்நஞ்சுக்குப் பெயரிட்டனர். அந்நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகும் பறவைகளுள் தாராக்குஞ்சும் ஒன்று. மழைக்காலத்தில் பூத்துப்போன பிண்ணாக்கை, "பறவைதானே, தின்னட்டும்" என்று வைப்பவர் தாராக்குஞ்சுகளை ஒரு வாரத்தில் இழந்துவிடலாம். மேலும், தாராக்குஞ்சுக்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் கோழிக்குஞ்சைக் காட்டிலும் மிகுதியாக வேண்டும். குறையின் கால்கள் வலுவிழந்து வளையும். கோழிக்குஞ்சின் தீனியையே தாராக்குஞ்சுக்கும் இட்டுவிட்டுக் காரணமறியாது வருந்துவோர் உளர்.

நோயும் பகையும்

தாராவின் பக்கம் நின்று பேசுவோர்க்கு இங்கே வலுவான நியாயம் உண்டு. கோழிகளின் கூற்றுவன் வெள்ளைக் கழிச்சல். 1926 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த ஆண்டு வட இந்தியாவின் ராணிகேத் என்னும் மலையூரிலும் அறியப்பட்டமையால் அவ்வூர்ப் பெயர்களாலும் அது வழங்குகிறது. ஓர் ஊருக்குள் நுழைந்தால் சில நாள்களில் கூடுகளை வெறுமையாக்கிவிடும். தாரா அந்நோயால் வாடுவது அரிது. எனினும் கோழிக்குத் தடுப்பு மருந்து உண்டு. அரசாங்கக் கால்நடை வைத்தியரைக் கண்டு உரிய வயதில் அதைக் கொடுப்பித்தால் அச்சம் பெரிதும் நீங்கும். நோய் வந்தபின் மருந்து தேடி ஓடுவதாற் பயனில்லை.

இரவுப் பகைகளைப் பொறுத்தமட்டில் நியாயம் கோழியின் பக்கம் சாய்கிறது. பொழுது சாய்ந்ததும் கோழி தானே கூடு தேடி வந்து உயர்ந்த கொம்பில் ஏறும். நாம் செய்ய வேண்டியது கதவை அடைப்பதே. தாராவோ கொம்பில் ஏறாது, நிலத்திலேயே உறங்கும், இருட்டிலும் வெளியிலே உலாவ விரும்பும். நாள்தோறும் ஒருவர் பின்னின்று ஓட்டி அடைத்தல் வேண்டும். ஒருநாள் மறந்தால் மரநாயும் தெருநாயும் மறவா. காலையிலும் தாராவைச் சட்டெனத் திறந்துவிடலாகாது. அது பெரும்பாலும் விடியற்புறத்திலேயே முட்டையிடும். 8 மணிக்கு முன் திறந்துவிட்டால் முட்டை வேலியோரத்திலோ பற்றைக்குள்ளோ கிடந்து, காகத்துக்கோ பாம்புக்கோ உணவாகும். தோட்டத்தைப் பொறுத்து இரண்டும் சரி நிகர். கோழி கீரைப்பாத்தியைக் கிளறி நாற்றைப் பெயர்க்கும். தாரா கிளறாது, நத்தையையும் தின்னும், ஆனால் இளங்கீரையை விட்டுவையாது. எதை வளர்ப்பினும் பாத்திக்கு வேலி வேண்டும்.

இரண்டையும் ஒருங்கே தொடங்கலாமே என்பார்க்கு ஒரு சொல். கோழியின் படுக்கை உலர்ந்திருக்க வேண்டும். தாரா அதை ஒரே இரவில் நனைத்துவிடும். ஆண்தாராவைக் கோழிப்பேடுகளோடு அடைத்தால் பேடுகளுக்கு ஊறு நேரும். ஆதலின் கூடும் வேறாக வேண்டும். தொடங்குவோர்க்கு ஒரு பறவையே அளவு.

சேவலை என் செய்வது?

குஞ்சு பொரிப்பிக்க விரும்புவோர் சிலவற்றை அறிதல் வேண்டும். கோழிமுட்டை 21 நாளிற் பொரிக்கும். தாராமுட்டைக்கு 28 நாள். மஸ்கோவிக்கு 35 நாள். காக்கி கம்பெல் அடைகிடப்பதிற் பொறுமையற்றது. ஆதலால் அடைக்கோழியின் கீழ்த் தாராமுட்டையை வைப்பது கிராமங்களிற் பழகிய முறை. தன் முட்டையல்லாத முட்டைக்காக அத்தாய் மேலும் ஒரு வாரம் பசி பொறுத்துக் கிடக்கிறாள். பின்னர் குஞ்சுகள் நீரைக் கண்டு இறங்கும்போது கரையில் நின்று பதறிக் கூவுகிறாள். சிறுவர் அக்காட்சியைக் கண்டு சிரிப்பர். பெற்றோர் உடன் நின்று அதன் பொருளை விளக்கலாம். இறகு முளைக்காத குஞ்சை ஆழ்ந்த நீரில் விடுவது மட்டும் ஆபத்தானது. நனைந்து குளிர்ந்து இறந்துவிடும்.

பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி ஆண் என்பதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. பத்துக் குஞ்சில் ஐந்து சேவலானால், ஆறாம் மாதத்தில் அவை ஒன்றையொன்று குத்திக் குருதி காணும். விடியுமுன் கூவி அயலாரை எழுப்பும். புலால் உண்ணும் வீட்டில் அவற்றின் முடிவு தெரிந்ததே. அங்கும், பிள்ளைகள் பெயரிட்டு அழைத்து மடியில் வைத்திருந்த சேவலை ஒருநாள் சட்டியிற் காண நேர்வது சிறு துயரன்று. அதை முன்னரே பிள்ளைக்குச் சொல்லாது மறைத்தல் முறையன்று. மரக்கறி உண்ணும் வீட்டிலோ முடிவே இல்லை. யாரிடமேனும் கொடுத்து அவர் கையால் முடிப்பதும், சந்தியிற் கொண்டுபோய் விட்டுவிடுவதும் பொறுப்பை மாற்றுவதே ஆகும், ஒழிப்பதாகாது. முருகன் கொடியிற் சேவலைக் கண்டு கைகூப்பும் நாம், வளவிற் பிறந்த சேவலுக்கு என்ன வழி என்று எண்ணாமல் முட்டையை அடைவைத்தல் தகுமா?

இதற்கு எளிய வழி உண்டு. முட்டையிடுவதற்குப் பேட்டுக்குச் சேவல் வேண்டியதில்லை. மூன்று நாலு மாதம் வளர்ந்த பேடுகளை மட்டும் வாங்கினால் முட்டை கிடைக்கும். அம்முட்டையில் உயிர்க்கரு இராது. மேலதிகச் சேவலும் பிறவாது. ஆயினும் பேடும் முதுமை அடையும். இரண்டாம் ஆண்டின் பின் முட்டை குறையும். அதன்பின் மேலும் சில ஆண்டுகள் அது உயிரோடிருக்கும். முட்டையிடாத கோழிக்கும் தீனி வைப்போமா என்பதை வாங்கும் நாளிலேயே குடும்பத்தார் கூடி முடிவு செய்தல் வேண்டும். தாராவுக்கும் இதே கணக்குத்தான்.

முடிவாகக் கூறுமிடத்து, கிணற்றை நம்பி, ஒடுங்கிய வளவில் வாழும் குடும்பம் முதன்முதலாகத் தொடங்குவதாயின் மூன்று அல்லது நாலு நாட்டுக்கோழிப் பேடுகளே தகுந்தவை. கூடு கிணற்றுக்கு இயன்ற அளவு தொலைவில், நிலத்துக்கு மேல் உயர்ந்து, கிடுகு வேய்ந்து, பக்கங்களில் வலைக்கம்பி அடித்து, மரநாயின் கை நுழையாதபடி அமையட்டும். குளமோ வயலோ அருகிருந்து, மாலையில் ஓட்டி அடைக்க ஆளும் இருப்பின் தாராவைத் தயங்காது வாங்கலாம்.

வாங்குமுன் ஒரு சிறு பயிற்சியைப் பெற்றோர்க்குப் பரிந்துரைப்பேன். வரும் ஏழு நாளும், பறவை இருப்பதாகவே எண்ணி, பிள்ளைகள் காலை 6 மணிக்கு எழுந்து சட்டியைக் கழுவி நீர் நிரப்பட்டும். மாலை 6 மணிக்குச் சென்று வெறுங்கூட்டின் கதவை அடைக்கட்டும். தாரா கேட்கும் பிள்ளை நாளுக்கு 40 லீற்றரும் சுமந்து பார்க்கட்டும். பரீட்சை இருக்கும் நாளிலும், மழை பெய்யும் நாளிலும், நல்லூர்த் திருவிழாவுக்குப் புறப்படும் நாளிலும் அவ்வேலையை யார் செய்வார் என்பது அந்த ஏழு நாளில் தெரிந்துவிடும். எட்டாம் நாளும் ஒருவர் சட்டியைக் கழுவுவாராயின் பறவையை வாங்குங்கள்.